நீச்சல் உடுப்பை வீட்டிலேயே தைக்க: நம் ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற வழிகாட்டி

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெண்கள் தண்ணீரில் இறங்குவது பெரும்பாலும் சுரிதாரோடு, இல்லையென்றால் நைட்டியோடு. திற்பரப்பு அருவியிலும் சரி, சொத்தவிளைக் கடற்கரையிலும் சரி, இதுதான் நடப்பு. குளிக்க அது போதும். நீந்த உதவாது. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும், காலைச் சுற்றிக்கொள்ளும், டாப் காற்றை அடக்கிக்கொண்டு கழுத்துவரை ஏறி வரும். பல நீச்சல் குளங்களில் பருத்தி உடையோடு உள்ளே விடுவதும் இல்லை. நூல் பிசிறு வடிகட்டியை அடைக்கும், சாயம் இறங்கும் என்பதுதான் காரணம்.

கடையில் வாங்கும் நீச்சல் உடுப்பு மார்புக்குச் சரியாக இருந்தால் சீட்டில், அதாவது பின்பக்கச் சுற்றளவில், பிடிக்கும், சீட்டுக்குப் பார்த்து எடுத்தால் கழுத்து தொங்கும். அப்புறம், அதைப் போட்டுக்கொண்டு வெளியே வரக் கூச்சப்படுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஆகவே இங்கே சொல்லப்போவது அரைக்கை வைத்த மேலுடுப்பும் முழங்கால்வரை வரும் கால்சட்டையும். முழங்கால்வரை மூடினால் அது நீச்சல் உடையா என்று யாராவது கேட்டால், 2010 முதல் சர்வதேசப் போட்டி விதிகளே பெண்களின் உடை தோளிலிருந்து முழங்கால்வரை வர இடம் தருகின்றன என்று சொல்லுங்கள். அரைக்கை மட்டும் நம் சேர்க்கை.

சுரிதார் தைக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரே ஒரு தடைதான் உண்டு. சுரிதாரில் உடம்பளவோடு இன்ச் சேர்த்து வெட்டிப் பழகிய கை. இங்கே அந்த இன்ச்சைக் கழித்து வெட்ட வேண்டும். வெட்டிய துண்டைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளையின் அளவு மாதிரி இருக்கும். அப்படி இருந்தால்தான் சரி. பயந்து போய்க் கொஞ்சம் கூட்டி வெட்டினால் தண்ணீரில் அது தொளதொளவென்று தொங்கும்.

துணி

இந்த வேலையில் பாதி துணிக்கடையிலேயே முடிந்துவிடுகிறது என்பதால் இங்கே அவசரப்படக் கூடாது.

கடையில் லைக்ரா என்று கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது லெக்கிங்ஸ் தைக்கும் காட்டன் லைக்ராவாக இருக்கும். அது வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயவும் நேரமாகும். நமக்கு வேண்டியது நைலான் லைக்ரா. சுமார் 80 பங்கு நைலானும் 20 பங்கு லைக்ராவும் கலந்தது நல்ல துணி. அது கிடைக்காவிட்டால் பாலியஸ்டர் லைக்ரா. குளோரின் போட்ட குளத்தில் அடிக்கடி நீந்துகிறவர்களுக்குப் பாலியஸ்டர் கலந்ததே நல்லது, நைலானைவிடக் குளோரினைத் தாங்கும். கடலுக்கும் ஆற்றுக்கும் நைலான் போதும், உடம்புக்கும் இதமாக இருக்கும்.

‘ஃபோர் வே’ என்று சொல்லிக் கேளுங்கள். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுபடுகிற துணி என்று கடைக்காரருக்குப் புரியும். ஆனால் அவர் சொன்னதோடு விட்டுவிடாமல் அங்கேயே சோதித்துப் பாருங்கள். துணியின் ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி 4 இன்ச் அளவை இரண்டு விரல்களால் பிடித்து, இன்ச் டேப்பின் மேல் வைத்து இழுக்க வேண்டும். சிரமமில்லாமல் 6 இன்ச்வரை வந்தால் 50 சதவீத இழுவை. கையை விட்டதும் திரும்ப 4 இன்ச்சுக்கே வர வேண்டும். நாலரையில் நின்றுவிட்டால் அந்தத் துணி சில குளியலிலேயே முட்டியில் பை விழுந்துவிடும். குறுக்கே பார்த்த மாதிரி நெடுக்கேயும் பாருங்கள். அடுத்தது, கைக்குட்டையை நனைத்து துணியின் ஒரு மூலையில் ஒற்றி, உள்ளங்கையில் விரித்துப் பாருங்கள். கை ரேகை தெரிந்தால் வாங்காதீர்கள். வெள்ளையும் வெளிர் நிறங்களும் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்றுவிடும்.

கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று, சொல்வார்கள். 190 முதல் 220வரை இருப்பது நீச்சலுக்கு ஏற்றது. 58 அல்லது 60 இன்ச் அகலத் துணியில் ஒன்றரை மீட்டர் எடுத்தால் நடுத்தர உடம்புக்குப் போதும். முன்பக்க லைனிங்குக்கு இழுபடும் மெல்லிய நைலான் வலைத்துணி அரை மீட்டர். சுரிதாருக்குப் போடும் சாதாரண லைனிங் இங்கே ஆகாது. மேல்துணி இழுபடும்போது அது இழுபடாமல் கிழியும்.

நாகர்கோவில் மீனாட்சிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் துணிக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் திருவனந்தபுரம் போகும்போது சாலை பஜாரில் ஒரு சுற்று வரலாம். இணையத்தில் வாங்குவதென்றால் முதலில் ஒரு மாதிரித் துண்டை வரவழைத்து மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டு மீட்டர் கணக்கில் வாங்குங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பெண்கள் கை வைப்பது கருநீலத்திலும் கறுப்பிலும்தான், அழுக்குத் தெரியாது என்று. கடலில் அந்த நிறம் தலையோடு சேர்ந்து காணாமல் போய்விடும். நம் கடல் சாதுவான கடல் அல்ல. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சீறுவது போதாதென்று, உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரப் பெருங்கடலில் எழுந்த அலை கள்ளக்கடலாக வந்து கரையில் நிற்பவரை இழுத்துக்கொண்டு போகும். அந்த எச்சரிக்கை வந்த நாளில் கடற்கரைப் பக்கமே போகக் கூடாது. அதற்குத் துணி பதில் ஆகாது. மற்ற நாட்களில், கரையில் இருப்பவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய வேண்டுமென்றால் பளிச்சென்ற ஆரஞ்சு, ரோஸ், பச்சைச் சாயல் இல்லாத மஞ்சள் இவற்றில் ஒன்றை எடுங்கள். முழுக்கப் பளிச் நிறம் பிடிக்காதவர்கள் கைகளையும் தோள்பட்டையையும் மட்டும் அந்த நிறத்தில் வைக்கலாம். நீந்தும்போது வெளியே தெரிவதும் அவைதான்.

ஊசி, நூல், எலாஸ்டிக்

சாதாரண ஊசியின் கூர்முனை லைக்ரா இழையைக் குத்தி அறுக்கும். அங்கங்கே தையல் விழாமல் விட்டு விட்டுப் போகும். மெஷினில்தான் கோளாறு என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஊசியை மாற்றுங்கள். ஸ்ட்ரெட்ச் ஊசி, 11ஆம் நம்பர். அதன் முனை மழுங்கலாக இருப்பதால் இழையை அறுக்காமல் விலக்கிக்கொண்டு இறங்கும். அது இல்லையென்றால் பால் பாயிண்ட் ஊசி.

நூல் பாலியஸ்டராகத்தான் இருக்க வேண்டும். பருத்தி நூல் இழுபடாமல் அறுந்துவிடும்.

எலாஸ்டிக்கில், பாவாடைக்கும் பைஜாமாவுக்கும் போடும் சாதாரண ரகம் குளோரினிலும் உப்பிலும் சீக்கிரம் செத்துப்போகும். நீச்சல் உடுப்புக்கென்றே ரப்பர் பட்டையாக வரும் எலாஸ்டிக் உண்டு, துணி உறை இல்லாமல் வெறும் ரப்பராக இருக்கும். குலசேகரத்திலும் அருமனையிலும் காலையில் வெட்டிச் சிரட்டையில் பிடிக்கிறோமே, அந்த இயற்கை ரப்பர்தான் அதன் சரக்கு. அதற்கு எதிரி எண்ணெய். தேங்காய் எண்ணெயைத் தேய்த்து ஊறவைத்துவிட்டுக் குளத்துக்குப் போகும் பழக்கம் உள்ளவர்கள், நீச்சல் உடுப்பு போடும் நாளில் அதை விட்டுவிடுங்கள். எண்ணெய் ஏறிய ரப்பர் ஊதி, பிசுபிசுத்து, பிடிமானம் இழந்துவிடும். கழுத்துக்குக் கால் இன்ச் அகலம், இடுப்புக்கு முக்கால் அல்லது ஒரு இன்ச் அகலம் வாங்குங்கள்.

மெஷின்

ஜிக்ஜாக் போடும் மெஷின் இருந்தால் கவலையே இல்லை. துணியோடு துணியை இணைக்க அகலம் ஒன்றரை மில்லிமீட்டர், நீளம் இரண்டரை. எலாஸ்டிக் பிடிக்க அகலம் மூன்றரை, நீளம் மூன்று. பாத அழுத்தத்தைக் குறைக்க வசதி இருந்தால் குறையுங்கள், துணி அலை அலையாக நெளியாது. ஒவ்வொரு முறையும் வெட்டுத்துண்டில் ஒரு சாண் நீளம் தைத்து, முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். பட்டென்று நூல் அறுந்தால் நீளத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள்.

பழைய கால் மெஷின்தான் இருக்கிறது, நேர்த்தையல் மட்டுமே போடும் என்றால்? அதிலும் தைக்கலாம், ஆனால் அலட்சியமாகத் தைக்க முடியாது. பாபினில் சுருள் சுருளாக இழுபடும் நைலான் நூலை, இறுக்காமல் கையால் சுற்றிப் போடுங்கள். தையல் நீளத்தைக் குறைத்து, தைக்கும்போது துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்தபடி இரண்டு ஓட்டம் ஓட்டுங்கள். பிறகு பக்கத்துத் தையல் கடையில் ஓவர்லாக் அடித்து வாங்கிக்கொள்ளலாம். அங்கே நாலு நூல் ஓவர்லாக் இருக்கிறதா என்று கேளுங்கள். லெக்கிங்ஸ் தைப்பது அதில்தான், இணைப்பும் ஓரமும் ஒரே ஓட்டத்தில் முடியும். மூன்று நூல் என்றால் ஓரத்துக்கு மட்டும் அடித்தால் போதும், இணைப்பை நீங்களே முன்னதாகப் போட்டிருக்க வேண்டும். ஐந்து நூல் வேண்டாம். அதிலுள்ள சங்கிலித்தையல் அதிகம் இழுபடாது.

அளவும் வெட்டும்

மார்பு, இடுப்பு, சீட், இந்த மூன்றையும் டேப்பை இறுக்காமல் தளர்த்தாமல் எடுங்கள். உள்ளாடைக்கு மேலேதான் அளவு, சுரிதாருக்கு மேலே அல்ல.

துணியின் இழுவை 50 சதவீதம் இருந்தால் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 70க்கு மேல் இழுபட்டால் நூற்றுக்குப் பதினைந்து கழிக்கலாம். 40கூட வராத துணியை இதற்கு எடுக்கவே வேண்டாம். சுற்றளவு மட்டும்தான் குறையும். தோள் அகலத்தையும் மேலுடுப்பின் நீளத்தையும் குறைக்கக் கூடாது. அதிகம் இழுபடும் பக்கம் உடம்பைச் சுற்றி வரும்படி மாதிரியை வையுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மார்பு 36, இடுப்பு 32, சீட் 40 என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு போனால் 32.4, 28.8, 36. மேலுடுப்புக்கு இதை நாலால் வகுத்தால் மார்பு 8.1, இடுப்பு 7.2, சீட் 9. தையல்காரர் கணக்கில் 8 நூல் ஒரு இன்ச் என்பதால் மார்புக்கு 8 இன்ச் 1 நூல், இடுப்புக்கு 7 இன்ச் 2 நூல் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டுத் தையலுக்கு 2 நூல் கூட்டுங்கள், அவ்வளவுதான். இதே 36 மார்புக்குச் சுரிதார் 38க்குக் குறையாமல் வெட்டியிருப்பீர்கள். வித்தியாசம் ஐந்தரை இன்ச்சைத் தாண்டுகிறது.

மேலுடுப்பின் அக்குள் வெட்டில் கவனம் வேண்டும். சுரிதாரில் வசதிக்காக அக்குளைக் கீழே இறக்கி வெட்டுவோம். நீச்சலில் கை தலைக்கு மேலே போய் வரும். அக்குள் இறங்கியிருந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் முழு உடுப்பும் மேலே இழுபடும். ஆகவே உங்கள் வழக்கமான சுரிதார் அக்குளைவிட அரை இன்ச் மேலே நிறுத்துங்கள். கழுத்தையும் ஏற்றியே வெட்டுங்கள். இறக்கமான கழுத்துக்குள் தண்ணீர் புகுந்து நிரம்பி, நீந்துகிறவரைப் பின்னுக்கு இழுக்கும். மேலுடுப்பின் நீளம் சீட் வரை வரட்டும்.

கால்சட்டைக்குப் புதிதாக மாதிரி போட வேண்டாம். உங்களுக்குச் சரியாகப் பொருந்துகிற, பை விழாத லெக்கிங்ஸ் ஒன்றை எடுத்து, ஒரு காலை இன்னொரு காலுக்குள் திணித்து, பக்கவாட்டு மடிப்பு நேராக வரும்படி தரையில் விரியுங்கள். பழைய நாளிதழை மடித்து, மடிப்பின் மேல் அந்தப் பக்கவாட்டை வைத்துக் கோடு இழுங்கள். பின் வளைவு ஆழமாகவும் உயரமாகவும் இருக்கும், முன் வளைவு சற்றுத் தாழ்வு. இரண்டையும் தனித்தனியாக வரைய வேண்டும். முழங்காலிலோ அதற்குச் சற்று மேலேயோ உங்களுக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தி, மடிப்புக்கு ஒரு இன்ச் விடுங்கள். லெக்கிங்ஸின் காட்டன் லைக்ரா வேறு மாதிரி இழுபடும் என்பதால் கடைசியில் ஒரு சரிபார்ப்பு: சீட் 40 என்றால் கழித்த பின் 36, ஒரு காலுக்குப் பாதி 18, இரு பக்கத் தையலுக்கு அரை இன்ச் சேர்த்து 18.5. மடிப்பை விரித்த தாள் சீட் இடத்தில் இதைவிட அகலமாக வந்தால் பக்கவாட்டு மடிப்பிலேயே குறைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் கை வைக்காதீர்கள்.

வெட்டுவதற்கு முன் துணியை ஒரு முறை அலசிக் காயவைத்து, இரவு முழுக்கச் சுருட்டாமல் விரித்துப் போடுங்கள். உருளையில் இழுபட்டுச் சுற்றியிருந்த துணி தன் அளவுக்குத் திரும்பும். குண்டூசி குத்தினால் ஓட்டை தெரியும். தாளின் மேல் கனமான எதையாவது வையுங்கள், புத்தகம், டார்ச் பேட்டரி, எது இருந்தாலும். மேசை ஓரத்தில் துணி தொங்க விட வேண்டாம். கத்தரிக்கோல் கூராக இருக்கட்டும், இல்லையென்றால் ஓரம் பல் பல்லாக வரும்.

கால்சட்டையை முதலில் தையுங்கள்

இதைத் தைத்து முடித்தால் துணியின் குணம் கைக்குப் பழகிவிடும். திற்பரப்பு மாதிரிப் பாறையில் உட்காருகிறவர்களும், முட்டம் பக்கம் பாறை இடுக்குகளில் இறங்குகிறவர்களும் பின்பக்கத்துக்கு இரண்டாவது அடுக்கு ஒன்று வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுச்சிப்பி படிந்த பாறையில் ஒருமுறை வழுக்கினால் ஒற்றை நைலான் தாங்காது. அந்த அடுக்கைப் பின் வளைவோரத்திலும் இடுப்போரத்திலும் சேர்த்துவைத்து, மற்ற ஓரங்களைத் துணியோடு துணியாக ஜிக்ஜாக் போட்டுப் படுக்கவைத்துவிட்டால் போதும்.

பிறகு ஒவ்வொரு காலையும் நல்ல பக்கம் உள்ளே வரும்படி மடித்து உள்கால் தையலைப் போடுங்கள். ஒரு காலைப் புரட்டி, இன்னொரு காலுக்குள் நுழைத்து, இரண்டு உள்கால் தையலும் சந்திக்கும் இடத்திலிருந்து தொடங்கி முன் பக்கம் ஒரு ஓட்டம், பின் பக்கம் ஒரு ஓட்டம். கவட்டைச் சந்திப்பில் மட்டும் இரண்டாவது முறையும் தையுங்கள். தவளை நீச்சல் அடிக்கும்போது முதலில் பிரிவது அந்த இடம்தான்.

இடுப்பு எலாஸ்டிக், இடுப்பளவைவிட 3 இன்ச் குறைவு. வட்டமாக இணைத்து, எலாஸ்டிக்கையும் இடுப்போரத்தையும் தனித்தனியாக நாலாகப் பிரித்துச் சாக்கால் குறித்து, குறியோடு குறி சேர்த்துப் பிடித்து, எலாஸ்டிக்கை மட்டும் இழுத்தபடி உள்பக்க ஓரத்தில் ஜிக்ஜாக் போடுங்கள். துணியை இழுக்கக் கூடாது. பின்பு உள்ளே ஒரு மடிப்பு மடித்து மேலே இன்னொரு ஓட்டம். கடலில் இறங்குகிறவர்கள் ஒரு நாடாவும் கோத்துக்கொள்ளுங்கள். அலை எலாஸ்டிக்கை மதிக்காது. முழங்கால் ஓரத்துக்கு எலாஸ்டிக் வேண்டாம், மடித்து ஜிக்ஜாக் போதும்.

மேலுடுப்பு

முன்பக்கத்தையும் லைனிங்கையும் ஒன்றாக அடுக்கிக் கழுத்து, தோள், அக்குள், பக்கவாட்டு ஓரங்களில் நீளத் தையலாகப் பிடித்துவையுங்கள். லைனிங்கின் அடிப்பக்கத்தை மட்டும் தைக்காமல் விடுங்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் எவ்வளவு நுண்ணியது, எவ்வளவு கனமானது என்று அங்கே குளித்தவர்களுக்குத் தெரியும். நாலு பக்கமும் மூடிய லைனிங்குக்குள் அது போய் உட்கார்ந்தால் வெளியே வராது. மார்புக்கு மெத்தைக் கப் வேண்டுமென்றால் இதே இடைவெளியில் வைத்து லைனிங்கோடு மட்டும் பிடித்துவிடலாம்.

தோள்களை இணைக்கும்போது சேர்த்து ஒரு மெல்லிய நாடா கொடுங்கள், தோள் இழுபட்டுத் தொங்காது. கையை, பக்கவாட்டுத் தைப்பதற்கு முன்பே, உடுப்பு விரிந்து கிடக்கும்போதே இணைத்துவிடுங்கள். வட்டமான அக்குளுக்குள் லைக்ராவைச் சுழற்றித் தைப்பது தேவையில்லாத தலைவலி. கழுத்துக்கு எலாஸ்டிக், கழுத்தோரத்தின் சுற்றளவைவிட ஒரு இன்ச் குறைவாக எடுத்து, அந்தக் குறைவு பின்கழுத்துப் பக்கம் வரும்படி பிடியுங்கள். முன்கழுத்தில் இழுத்தால் துணி சுருங்கும். கடைசியாகக் கையோரத்தில் தொடங்கி அக்குள் வழியாக அடி வரை ஒரே ஓட்டமாகப் பக்கவாட்டைத் தைத்து, ஓரத்தை ஒரு நூல் அளவுக்குக் கத்தரித்துவிடுங்கள். உப்புத் தண்ணீரில் அக்குள் தையல் உரசினால் தோல் எரியும்.

மேலுடுப்பு தண்ணீரில் ஏறி வராமல் இருக்க அடியோரத்திலும் எலாஸ்டிக் வைக்கலாம். இரண்டையும் இடுப்பில் இணைத்து ஒரே உடுப்பாக்கி முன்னால் ஜிப் வைப்பவர்களும் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நனைந்த உடுப்போடு கழிப்பறைக்குப் போகும்போது அதன் கஷ்டம் தெரியும். என் ஓட்டு இரண்டு துண்டுக்குத்தான். ஜிப் வைத்தே தீருவேன் என்றால் பிளாஸ்டிக் பல் வைத்ததாகப் பாருங்கள், இரும்பு உப்பில் துருப்பிடிக்கும்.

போட்டுப் பார்ப்பது

சுலபமாகப் போட முடிந்தால் அது பெரிது. கொஞ்சம் மல்லுக்கட்டி ஏற்ற வேண்டும், ஏற்றிய பிறகு மூச்சு தாராளமாக வர வேண்டும். குந்தி உட்காருங்கள், கைகளைத் தூக்குங்கள், குனியுங்கள். முதுகில் மடிப்பு விழுந்தால் பக்கவாட்டில் 2 நூல் உள்ளே தையுங்கள். அப்படியே குளியலறையில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். நனைந்ததும் துணி கொஞ்சம் தளரும், நிறமும் மாறும். அதையெல்லாம் வீட்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

குளித்து வந்ததும் உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள். துவைகல்லில் அடிக்கவோ, முறுக்கிப் பிழியவோ கூடாது. துவர்த்தில் (துண்டில்) சுற்றி அழுத்தினால் ஈரம் இறங்கிவிடும். வெயிலில் போடாமல் நிழலில் காயவிடுங்கள். பிளீச்சிங் பவுடரும் இஸ்திரியும் ஆகாது. துணி நன்றாக இருக்கும்போதே எலாஸ்டிக் தளர்ந்துவிட்டால் உடுப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மேல் ஓட்டத்தைப் பிரித்துப் பழைய பட்டையை உருவிவிட்டு, அதே குறிகளில் புதியதைத் தைத்துக்கொள்ளலாம்.